பூஞ்சை இழை: பாலக்காடு – இடுக்கி எல்லைப் பகுதியில் ஓர் அறிவியற் கலைச்சொல்லின் பொருளும் ஆட்சியும்

பூஞ்சைகளின் உடல் நுண்ணிய இழைகளால் ஆனது. ஓர் இழையின் விட்டம் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரோமீட்டர் வரை அமையும். மனிதரின் தலைமயிரோடு ஒப்பிட்டால் அதன் பத்தில் ஒரு பங்கு எனலாம். இவ்விழையை மேலை அறிவியலார் ஹைஃபா என்பர். இழைகள் கிளைத்துப் பரவி உருவாகும் தொகுதியை மைசீலியம் என்பர். தமிழில் முன்னதற்குப் பூஞ்சை இழை, பூசண இழை, பூஞ்சாண இழை என்பனவும், பின்னதற்குப் பூஞ்சை வலை, பூசண வலை, இழைப்பின்னல் என்பனவும் வழங்குகின்றன. ஹைஃபா, மைசீலியம் என்றே எழுத்துப்பெயர்த்து எழுதுவோரும் உளர்.

பூஞ்சை இழை என்பது இருசொற் கூட்டு. அதன் இரண்டு உறுப்புகளும் ஒரே வழியாகத் தமிழ் அறிவியலுக்குள் வந்தவை அல்ல. ஒரே தகுதி உடையனவும் அல்ல. இழை என்னும் பகுதி நன்கு பொருந்த அமைந்தது. பூஞ்சை என்னும் அடையோ, இன்றைய உயிரியல் அறிவின்படி, முதன்மையான சில இடங்களில் பிழைபடுகின்றது. இக்கருத்தைச் சொல்வரலாற்றின் வழியும், பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிப் பயிர்நோய்களின் வழியும் நிறுவ இக்கட்டுரை முயல்கின்றது.

எல்லைப் பகுதியைக் களமாகக் கொண்டமைக்குக் காரணம் உண்டு. பாலக்காட்டின் பெரும்பகுதி 1956 வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. சித்தூர்ப் பகுதி கொச்சி அரசுக்கு உரியது. தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் திருவிதாங்கூருக்கு உரியவை. 1877இல் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றபின் அங்குப் பெருந்தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைக்கக் கங்காணிமார் வழியே தமிழ்நாட்டு மக்கள் மலையேறினர். ஏலமலைகளுக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடிநாயக்கனூரிலிருந்தும் சென்றவர் பலர். 1954இல் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு நடத்திய போராட்டத்துக்குப் பின்னரும், 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீருமேடும் சித்தூரும் கேரளத்தின் பகுதிகளாயின. பாலக்காடு மாவட்டம் 1957 சனவரி 1இலும், இடுக்கி மாவட்டம் 1972 சனவரி 26இலும் உருவாயின.

இதன் விளைவு மொழியாட்சியில் தெளிவாகப் புலப்படும். எல்லைப் பகுதித் தமிழ் உழவர்க்குப் பயிர்நோய் பற்றிய அரசின் அறிவுரை கேரள வேளாண் துறையின் மலையாளத்தில் வருகின்றது. உரமும் மருந்தும் வாங்கப் பொள்ளாச்சிக்கும் கம்பத்துக்கும் இறங்கும்போது அதே நோய்க்குத் தமிழ்நாட்டு வேளாண் தமிழில் வேறு பெயர் காத்திருக்கின்றது. தமிழ்வழிப் பள்ளி மாணவரோ கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழில் பயில்கின்றனர். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு தொடர்புகொள்ள இடமளித்தது. எனினும் அச்சட்டம் கலைச்சொல்லுக்குத் துணையாக முடியாது. கலைச்சொல் ஆட்சி ஆணைகளால் ஆவதன்று.

இழை

ஹைஃபா என்பதன் மூலம், நெய்யப்பட்டதையும் வலையையும் குறிக்கும் கிரேக்கச் சொல். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1810 அளவில், இலத்தீன வடிவில் தாவரவியலுக்குள் இச்சொல் புகுந்தது. அச்சொல்லில் பூஞ்சை என்னும் பொருள் எவ்விடத்தும் இல்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளல் வேண்டும். மைசீலியம் என்பதில்தான் கிரேக்கத்தில் காளானைக் குறிக்கும் மூக்கேஸ் என்னும் சொல் உறைகின்றது. மேலை அறிவியலார் உறுப்புக்குத் தறியிலிருந்தும், உறுப்புத் தொகுதிக்குக் காளானிலிருந்தும் பெயர் எடுத்துக்கொண்டனர்.

தமிழில் இழை என்பது சங்க நூல்களில் பெரும்பாலும் அணிகலனைக் குறிக்கும். ஆயிழை, சேயிழை முதலிய தொகைகள் அவ்வழி வந்தவை. ஆயினும் நூலிழை என்னும் பொருளும் அக்காலத்ததே. நன்னன்மீது பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், இழை சென்ற வழி இன்னதெனக் கண்டறிய இயலாத அளவு நுண்ணிய நூலால் நெய்த ஆடையைப் பேசுகின்றது. கண்ணால் தொடர முடியாத நூலைச் சுட்டுவதற்கும் அதே சொல் ஆளப்பட்டது என்பது இங்கு நோக்கத்தக்கது. பூஞ்சையின் உறுப்பும் அத்தன்மையதே. தனியிழை நுண்ணோக்கியின்றிப் புலப்படாது. இழைகள் திரண்டு படலமானபோதே கண்ணுக்குத் தெரியும். ஆகவே இழை என்னும் தேர்வு கிரேக்கச் சொல்லின் நெசவுப் பொருளையும் தமிழ் மரபையும் ஒருங்கே தழுவி நிற்கின்றது.

மலையாளத்திலும் நூலிழையைக் குறிக்க இழ என்னும் சொல் உண்டு. அம்மொழியில் ஊர்ந்து செல்லுதலைக் குறிக்கும் வினையும் இழ என்றே தொடங்கும். ஹைஃபா தன் நுனியில் மட்டுமே நீண்டு, உணவுப் பொருளின் ஊடே நகர்ந்து செல்வது. எனவே மலையாளச் செவிக்கு இழ என்னும் ஒலியே நூல், ஊர்தல் ஆகிய இரு குறிப்புகளையும் ஒருசேரத் தரக்கூடும். தமிழ்ச் செவிக்கு இவ்விரண்டாம் குறிப்பு இல்லை. இத்துணை வாய்ப்பிருந்தும் மலையாள அறிவியல் இழ என்பதைத் தேர்ந்துகொள்ளவில்லை. கவகதந்து என்னும் வடமொழித் தொகையையே தேர்ந்தது. அதன் காரணம் பின்னர்க் கூறப்படும்.

பூஞ்சை

அடைமொழியின் வரலாறு இதனினும் பழமையானது. காளானுக்குச் சங்கச் சொல் ஆம்பி. குமணனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடிய புறநானூற்று 164ஆம் பாட்டில், சமைத்தலை மறந்த அடுப்பில் ஆம்பி தோன்றியமை கூறப்படுகின்றது. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டும் வறிய அடுக்களையிலும் காளாம்பி உண்டு. இவ்விரு இடங்களிலும் ஆம்பியின் தோற்றத்தைச் சொல்லும் வினை ‘பூ’ என்பதே. காளான் முளைப்பதைப் புலவர்கள் பூத்தலாகக் கண்டனர். (அடுப்பில் பூத்தது என்பதிலுள்ள கசப்பு வேறு, அது இலக்கியத் திறனாய்வாளர்க்கு உரியது.)

இவ்வினை இன்றும் வழக்கொழியவில்லை. ஊறுகாய் பூத்துவிட்டது, ரொட்டி பூத்துப்போயிற்று என்பன மக்கள் வழக்கு. பூஞ்சணம், பூசணம், பூஞ்சாணம், பூஞ்சை ஆகிய வடிவங்களைப் பூ என்னும் அடியோடு இணைத்துக் காண்பதே இயல்பானது. மலையாளத்தில் பூசணத்துக்குப் பெயர் பூப்பல். தமிழர் பூசணம் பிடித்தது என்பதை மலையாளியர் பூப்பல் பிடித்தது என்பர். சித்தூரிலும் உடும்பஞ்சோலையிலும் இவ்விரு தொடர்களையும் ஒருவர் மற்றவருக்கு விளக்க வேண்டியதே இல்லை. மொழிகள் பிரிந்த பின்னும் காட்சி ஒன்றாகவே இருந்தமையால் உருவகமும் ஒன்றாக நின்றது.

ஆனால் பூத்தல் என்பது எதனைக் குறிக்கின்றது? பண்டத்தின் மேற்பரப்பில் வெண்மையாகவோ பச்சையாகவோ கருமையாகவோ தோன்றும் பொடியை. அப்பொடி பூஞ்சையின் வித்துகளும் அவற்றைத் தாங்கும் காம்புகளுமாம். பூ என்னும் உருவகம் இனப்பெருக்கப் பகுதிக்கே பொருந்துகின்றது. அந்த அளவில் நம் முன்னோர் வழக்கு வியக்கத்தக்க செம்மை உடையது. இழையோ பூப்பதற்கு முன்பே பண்டத்தினுள் பரவி முடித்திருக்கும். மக்கள் வழக்கில் அதற்குப் பெயர் வேண்டியிருக்கவில்லை, ஏனெனில் அதனைக் கண்டார் இலர். எனவே பூஞ்சை இழை என்னும் கூட்டில், கண்ணாற் கண்டு வைத்த பெயர் ஒன்றும், கண்ணாடிவழிக் கண்டு வைத்த பெயர் ஒன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன.

பூஞ்சை என்பதற்கு மெலிந்தது, வலுவற்றது என்னும் பொருளும் உண்டு. பூஞ்சை உடம்பு என்பது அறிந்த வழக்கே. நெற்பயிரின் குலைநோய்ப் பூஞ்சை இலையைத் துளைக்க உருவாக்கும் அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை செல்லும். ஊர்திச் சக்கரக் காற்றழுத்தத்தைப் போல் பன்மடங்கு அது. பெயரின் மென்மையை நம்பிவிடலாகாது.

கலைச்சொல்லாக்கத்தில் அடை பெற்ற இடம்

1916இல் சேலத்தில் இராசாசி, வெங்கடசுப்பையர் ஆகியோர் முயற்சியால் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு கழகம் தோன்றியது. 1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ. மு. சுப்பிரமணிய பிள்ளை முதலியோர் உழைப்பால், 1938இல் ஏறத்தாழ 10,000 சொற்களைக் கொண்ட கலைச்சொற்கள் என்னும் தொகுதியை வெளியிட்டது. 1940இல் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு வடசொற்களுக்கு இடமளித்தபோது எழுந்த எதிர்ப்பு யாவரும் அறிந்தது. அவ்வழக்கு முழுதும் சொல் எந்த மொழிக்கு உரியது என்பதைப் பற்றியதாகவே அமைந்தது. அதன் பயன் பெரிது. தமிழ்ச் சொற்கள் பள்ளிக்குள் நுழைந்தது அதனால்தான். ஆயினும் சொல் எந்த வகைப்பாட்டைத் தனக்குள் அடக்கிக்கொள்கின்றது என்னும் வினா அந்த ஆரவாரத்தில் பின்தங்கிவிட்டது.

அக்காலத்தில் அவ்வினா எழ வேண்டிய தேவையும் இல்லை. பூஞ்சைகள் தாவரங்களுள் ஒரு வகுப்பாகவே எண்ணப்பட்டன; இழையுடல் கொண்டு, பச்சையமின்றி, வித்துகளால் பரவும் உயிரி எதுவாயினும் அது பூஞ்சையாகவே கருதப்பட்டது. பூஞ்சைகளுக்குத் தனி உலகம் அளித்த விட்டேக்கரின் ஐந்துலக வகைப்பாடு 1969இல்தான் வெளியாயிற்று. இழை என்பதை மட்டும் வைத்தால் பாசியின் இழை, தசையின் இழை, துணியின் இழை ஆகியவற்றோடு மயங்கும் என்பதால் முன்னே ஓர் அடை தேவைப்பட்டது. அக்கால அறிவுக்கு அவ்வடை முற்றும் பொருத்தமே.

இலங்கைத் தமிழர் வேறு நெறி சென்றனர். அங்குப் பாடநூல்களில் உயிரியின் பெயர் பங்கசு என எழுத்துப்பெயர்ப்பாக நிலைபெற்றது. உறுப்பின் பெயர்களில் பூசணம் தங்கியது. ஒரே பாடத்தில் உயிரிக்கு ஒரு பெயரும் அதன் உறுப்புக்கு வேறோர் அடியும் வருவது மாணவர்க்குச் சுமைதான். காப்பியைத் தாக்கும் இலைத்துரு நோய் 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்டு, சில பதிற்றாண்டுகளில் அத்தீவின் காப்பித் தொழிலையே அழித்தது. பின்னர்த் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. அத்தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் வாழ்வும் அதனோடு மாறியது. ஒரு பூஞ்சையின் இழை தமிழர் வரலாற்றையே திருப்பிய நிகழ்ச்சி அது.

மலையாளத்தின் நெறிக்கு வருவோம். 1961இல் நடுவணரசு நிறுவிய அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தின் இந்தி வழக்கில் பூஞ்சை கவக் எனவும், ஹைஃபா கவகதந்து எனவும், மைசீலியம் கவகஜால் எனவும் அமைந்தன. மலையாள அறிவியல் நூல்களிலும் கவகம், கவகதந்து, கவகஜாலம் என்பனவே பயில்கின்றன. கவகம் என்பது மனுநூலின் ஐந்தாம் இயலில் பூண்டு, வெங்காயம் ஆகியவற்றோடு விலக்கப்பட்ட உணவாகச் சொல்லப்படும் காளான். விலக்கப்பட்ட உண்பொருளின் பெயர் கல்வித்துறையின் மதிப்புமிக்க சொல்லாக உயர்ந்தது சொல்வரலாற்றின் விளையாட்டு. தமிழ் மாணவர்க்கு இங்கே மற்றோர் இடரும் உண்டு: தந்து என்பது தமிழில் தருதலின் வினையெச்சமாகவே முதலில் கேட்கும்.

மலையாள வேளாண் வழக்கு நூல்வழக்கினின்றும் வேறானது. பூஞ்சைக்கொல்லிக்கு அங்குக் குமிள்நாசினி என்பது பெயர். குமிள் மலையாளத்தில் காளான். தமிழிலோ குமிழ் என்பது நீர்க்குமிழியும் குமிழ மரமும். இவ்வாறு எல்லைப் பகுதியில் ஓர் உயிரிக்குக் கவகம், குமிள், பூப்பல், பூஞ்சை, பூசணம், பங்கஸ் எனப் பல பெயர்கள் ஒரே கடைவீதியில் உலவுகின்றன. இவை அனைத்தும் உயிரியின் பெயர்களே. இழைக்குத் தனிப்பெயர் இவற்றுள் ஒன்றுகூட இல்லை. எம்மொழியிலும் அது உயிரியின் பெயரைச் சார்ந்தே நிற்கின்றது.

அழுகலும் அடைமொழியும்

இச்சார்பு எவ்வாறு இடர் தருகின்றது என்பதை ஏலத்தோட்டத்தில் காணலாம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஏலக்காய்களில் நீர்தோய்ந்தாற்போன்ற புள்ளிகள் தோன்றி, காய்கள் பழுப்பேறி, துர்நாற்றத்துடன் அழுகி உதிரும். 1972இல் இந்நோய் ஆய்விதழில் பதிவு பெற்றபோது அழுகல் என்னும் உள்ளூர்ச் சொல்லே ஆங்கில அறிவியல் எழுத்திலும் நோய்ப்பெயராக ஏறியது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான ஒரு சொல் மொழிபெயர்க்கப்படாமல் உலக வழக்கில் நுழைந்த அரிய இடங்களுள் இது ஒன்று. கன்னடத்தின் கொளெரோகம் அவ்வாறு நுழைந்ததை முன்னரே அறிவோம்.

அழுகலுக்குக் காரணம் பைட்டோஃப்தோரா என்னும் உயிரி. மிளகுக் கொடியின் விரைவாட்டம், தென்னையின் குருத்தழுகல் ஆகியவற்றுக்கும் இப்பேரினமே காரணம். குருத்தழுகலை மலையாளத்தில் கூம்புசீயல் என்பர். இதிலுள்ள சீ நம் சீழில் உள்ள சீதான். 1876இல் டி பாரி இப்பேரினத்துக்குப் பெயரிட்ட நாள்முதல் அது பூஞ்சையாகவே கருதப்பட்டது. அதன் உடல் இழைகளால் ஆனது; ஆகவே ஹைஃபா உடையது. ஆனால் அதன் இழைச் சுவரில் பூஞ்சைகளுக்குரிய கைட்டின் முதன்மை பெறுவதில்லை. செல்லுலோசும் குளுக்கன்களும் உள்ளன. இழையில் குறுக்குச்சுவர்கள் பெரும்பாலும் இல்லை. இரு கசையிழைகளால் நீரில் நீந்தும் வித்துகளை அது வெளியிடும். மழைக்காலத்தில் நோய் காட்டுத்தீப் போலப் பரவுவதற்குக் காரணம் இதுவே. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மரபணு ஆய்வுகள் ஐயத்திற்கிடமின்றிக் காட்டியது யாதெனில், பைட்டோஃப்தோரா பூஞ்சைக்கு உறவன்று. பழுப்புப் பாசிகளுக்கும் டயட்டம்களுக்கும் உறவு என்பதாம்.

இங்கே பூஞ்சை இழை என்னும் கலைச்சொல் தன்னைத்தானே மறுக்கின்றது. பைட்டோஃப்தோராவின் பூஞ்சை இழை என்று எழுதினால், பூஞ்சையல்லாத உயிரிக்குப் பூஞ்சையின் உறுப்பைக் கொடுத்தவராவோம். கவகதந்துவுக்கும் இதே குறை உண்டு. ஹைஃபா என்னும் சொல்லை ஆளும் ஆங்கில நூலார் இவ்விடரில் சிக்கவில்லை. அவர்கள் சொல் தறியோடு நின்றுவிட்டது. ஆக்டினோபாக்டீரியாக்களுள் ஸ்டிரெப்டோமைசிஸ் என்பதும் கிளைத்த இழைகளாக வளர்கின்றது. அதற்கும் ஹைஃபா என்றே பெயர். பாக்டீரியாவின் பூஞ்சை இழை என்று தமிழில் எழுதுவார் யார்?

இது சொல்லளவில் நிற்கும் குறையன்று. சித்தூர்ப் பகுதித் தென்னையை எடுத்துக்கொள்வோம். ஒரே தோப்பில் குருத்தழுகலும் அடித்தண்டழுகலும் வரலாம். பின்னதைத் தஞ்சாவூர் வாடல் என்றும் வழங்குவர். 1952இல் தஞ்சை மாவட்டத்தில் அது பரவலாகக் கண்டறியப்பட்டது. அதற்குக் காரணமான கானோடெர்மா உண்மைப் பூஞ்சை. மரத்தடியில் தட்டுப்போன்ற காளானாக வெளிப்படும். குருத்தழுகலில் காளான் என்றும் தோன்றாது. அடித்தண்டழுகலுக்கு வேர்வழி ஊட்டப் பரிந்துரைக்கப்படும் ஹெக்சகோனசோல், பூஞ்சையின் சவ்விலுள்ள எர்கோஸ்டிரால் என்னும் பொருள் உருவாவதைத் தடுத்து வேலைசெய்வது. பைட்டோஃப்தோரா அப்பொருளைத் தானாக உருவாக்குவதே இல்லை. தடுப்பதற்கு அங்கே எதுவுமில்லை; பணமும் பருவமும் வீணாகும், மரமும் போகும். குருத்தழுகலுக்குப் போர்டோப் பசையே பரிந்துரை. ஏலத்துக்கும் மிளகுக்கும் மழைக்கு முன் அடிக்கப்படும் ஒரு விழுக்காட்டுப் போர்டோக் கலவையும், மெட்டலாக்சில் போன்ற மருந்துகளும் வேறு வழிகளில் இயங்குவன. இவை அனைத்துக்கும் கடைவழக்கில் பெயர் பூசணக்கொல்லி, அல்லது குமிள்நாசினி. இரண்டு அழுகலையும் பூஞ்சை இழையால் வரும் நோய் என்றே படித்த உழவர், இரண்டுக்கும் ஒரே பூசணக்கொல்லியைக் கேட்டால் அவரைக் குறைகூற முடியாது. மருந்தடித்தல் என்னும் சொல் எல்லையின் இருபுறமும் ஒன்றே. எந்த மருந்து என்பதில்தான் கலைச்சொல் வழிகாட்ட வேண்டும். அவ்விடத்தில் மக்கள் வழக்காகிய காளான் என்னும் சொல், நம் கலைச்சொல்லைக் காட்டிலும் நோயறிதலுக்கு உதவுகின்றது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதனினும் நுட்பமான இடர் ட்ரைக்கோடெர்மாவால் நேர்வது. மிளகு, ஏலத் தோட்டங்களில் வேப்பம் புண்ணாக்கோடும் தொழுவுரத்தோடும் கலந்து இடப்படும் இது ஓர் உண்மைப் பூஞ்சை. நோயுயிரியின் இழையைத் தன் இழையால் சுற்றி வளைத்து, அதனை அரித்து உண்பது இதன் இயல்பு. 1932இல் வெயிண்டிலிங் இதனை விளக்கினார். ஆகவே நோய்க்கு எதிராக இடப்படும் துணையே பூஞ்சையாகவும், அழிக்கப்பட வேண்டிய பகை பூஞ்சையல்லாததாகவும் அமைகின்றன. பூஞ்சையைக் கொல்க என்னும் அறிவுரையை எழுத்தோடு எழுத்தாகப் பின்பற்றுபவர் துணையைக் கொன்றுவிடுவார். ட்ரைக்கோடெர்மாவையும் வேதிமருந்தையும் ஒருங்கே இடலாகாது, இடைவெளி வேண்டும் என்று வேளாண் அறிவுரைகள் வற்புறுத்துவது இதனாலேயே. அவ்வறிவுரைக்கான காரணத்தை நம் கலைச்சொற்கள் மறைத்துவிடுகின்றன.

இழை கண்ணுக்கே தெரியும் நோய் ஒன்றும் இம்மலைகளில் உண்டு. நெல்லியாம்பதி போன்ற இடங்களில் காப்பிச் செடியைத் தாக்கும் கருவழுகலில், பூஞ்சையின் இழைகள் இலையின் அடிப்புறத்திலும் கிளையிலும் படலமாகப் படரும். கருகிய இலை காம்பு விட்டும் மண்ணில் விழாது. இழைத்திரளால் கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும். தமிழாசிரியர் ஒருவர் இழை என்பதை மாணவர்க்குக் காட்ட விரும்பினால் இதனினும் சிறந்த படம் கிடைப்பதரிது.

வழக்கும் திருத்தமும்

இனிச் செய்யத்தக்கது யாது? பூஞ்சை என்னும் சொல்லை மாற்றுவது இயலாது, மாற்றவும் வேண்டுவதில்லை. 2021இல் கருப்புப் பூஞ்சை நோய் நாளிதழ்கள்தோறும் இடம்பெற்றபின் அச்சொல் மக்களிடையே வேரூன்றிவிட்டது. வேளாண் துறையில் பூசணமும் பூஞ்சாணமும் அவ்வாறே நிலைத்துள்ளன. இம்மூன்றும் உயிரியின் பெயர்களாக இருக்கட்டும்.

மாற்ற வேண்டியது உறுப்பின் பெயரை. இழையை உயிரியின் பெயரினின்றும் பிரித்து, உறுப்பின் இயல்பைச் சுட்டும் அடை ஒன்றைத் தருதல் வேண்டும். இவ்வுயிரிகளின் உடல் முழுதும் இழையே ஆதலின் உடலிழை என்பது பொருந்தும் என்பது என் கருத்து. பூசண உடலிழை, பைட்டோஃப்தோராவின் உடலிழை, ஸ்டிரெப்டோமைசிஸின் உடலிழை என்று மூன்றிடத்தும் முரணின்றி அது நிற்கும். தசையிழை, ஒளியிழை ஆகியவற்றோடு மயங்காது. ஊடிழை என்னும் மாற்றும் எண்ணத்தக்கதே. ஆனால் ஊடும் பாவும் என்னும் நெசவு வழக்கு குறுக்கிடுவதால் அதனைத் தவிர்த்தேன்.

மைசீலியத்துக்கு வலை என்பதில் ஒரு தடை உண்டு. வலையில் நூல்கள் முடிச்சால் இணையும். பூஞ்சைகள் பலவற்றில் உடலிழைகள் ஒன்றோடொன்று கூடி இணைவதால் அங்கு வலை பொருந்தும். பைட்டோஃப்தோரா போன்றவற்றில் அவ்விணைப்பு இயல்பாக நிகழ்வதில்லை, கிளைத்தல் மட்டுமே உண்டு. இழைத்தொகுதி என்று பொதுவாகச் சொல்லி, இணைப்புள்ள இடத்தில் மட்டும் வலை என்பதை ஆளலாம்.

எஞ்சிய சிக்கல் பைட்டோஃப்தோரா சேர்ந்துள்ள வகுப்பின் பெயரே. ஊமைசீட்டு என எழுத்துப்பெயர்த்தால் தமிழர் காதில் அது ஊமையும் சீட்டுமாக விழுகின்றது. நீர்ப்பூஞ்சை என்றால் விரட்டிய பூஞ்சை பின்வாசலால் திரும்பி வரும். ஆங்கில வழக்கும் அவ்விடத்தில் இதே பிழையைச் செய்கின்றது. இழையுடலும் நீந்தும் வித்தும் ஒருங்கே உடைமையின் நீரிழையி என்று சொல்லிப் பார்க்கலாம். அவ்வாறாயின் ஏலத்தோட்ட அறிவுரை ஒன்று இவ்வாறு அமையும்: அழுகலுக்குக் காரணம் நீரிழையி, ட்ரைக்கோடெர்மா என்னும் பூசணம் தன் உடலிழையால் நீரிழையியின் உடலிழையைச் சுற்றி அழிக்கும், ஆதலின் ட்ரைக்கோடெர்மா இட்ட மண்ணில் பூசணக்கொல்லியை உடனே ஊற்றற்க. இத்தொடரை மலையாளத்தில் பெயர்ப்பவர் கவகதந்துவைத் தேட வேண்டியதில்லை. இழ என்பது அவர் வீட்டிலேயே இருக்கின்றது.